கண்டெய்னருக்குள் பாடிய புலம்பல்

வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது. இந்த விஷயத்தை எங்க வீட்டுக்காரர், நான் உள்ளே ஏறி நின்ற பிறகுதான் சொன்னார்.

"முன்னாலயே சொன்னா நீ ஏறமாட்டல்லா, அதான்" என்றார், பெரிய உபகாரம் செய்தவர் மாதிரி.

நான் நின்றுகொண்டிருந்தது ஒரு ரீஃபர் கண்டெய்னருக்குள். இறாலும் கணவாயும் உறைந்துபோய்க் கப்பலேறுகிற குளிர்பெட்டி. அன்றைக்கு அது காலி. கழுவிக் காயவைத்திருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இறால் வாசனை ஒளிந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் வெள்ளை. தரை முழுக்க நீளநீளமாக அலுமினிய வரிப்பள்ளம், செருப்பு வழுக்கியது. கரண்ட் கொடுக்கவில்லை, ஆகவே பேருக்குத்தான் குளிர்பெட்டி. கார்த்திகை மாசத்திலும் உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி புழுங்கியது.

"நான் வெளிய கைப்பிடியப் புடிச்சிக்கிட்டே நிக்கேன். பூட்ட மாட்டேன். பயப்படாமப் பாடு."

கதவு மூடியது. யம்மாடி, அந்த அமைதி! தூத்துக்குடியில் பிறந்து, தூத்துக்குடியிலேயே வாக்கப்பட்டு, அறுபதைத் தாண்டிவிட்ட எனக்கு அப்படியொரு அமைதி வாய்த்ததே இல்லை. லாரி ஹாரன் இல்லை, காற்று இல்லை, காக்காய் இல்லை. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது.

என் அண்ணன் மகள் ரேஷ்மா, செல்போன் வெளிச்சத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, மைக்கை என் வாய்க்கு நேரே நிறுத்தினாள்.

"அத்தே, ரெடியா?"

ஒரு பாட்டுப் பாடுவதற்கு இவ்வளவு கூத்தா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

எந்த ஆமென் என்னுடையது?

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு நான் கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் ஏறி எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று தாள் தாளாக அடித்துத் தள்ளியதில் என் பாதி வாழ்க்கை போயிற்று. மீதிப் பாதி கோயிலில் பாடியதில் போயிற்று.

கேசட் கொடிகட்டிப் பறந்த காலம். மதுரைப் பக்கமிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தார். நான் பாடியதைக் கேட்டுவிட்டு, "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று விசாரித்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்றால் பாருங்கள்.

ஆனால் மனுஷர் பேச ஆரம்பித்ததும் கதை வேறாகிவிட்டது. "குரல் அருமையா இருக்கும்மா. ஆனா கேசட்டு அட்டையில போடுறதுக்கு ஒரு பேர் வேணுமே. உங்க பேரை யாருக்குத் தெரியும்?"

என் பேர் யாருக்குத் தெரியும்? பிலோமினா என்ற பேர் எங்கள் தெருவுக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியும், ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குத் தெரியும். அது போதாதாம். மெட்ராசிலிருந்து பேர் உள்ள ஒரு அம்மாவை வரவழைத்தார்கள். எங்கள் பாடகர் குழுவை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் கோரஸுக்கு நிறுத்தினார்கள். எனக்குக் கிடைத்தது "ஆமென்". அதுவும் தனியாக அல்ல, கும்பலோடு.

கேசட் வந்ததும் முதல் ஆளாக வாங்கினேன். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாசம்தான். இருவரும் டேப் ரிக்கார்டரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு என்னைத் தேடினோம்.

"இந்தா, இது நீதான்."

"இல்லங்க, அது ஸ்டெல்லா."

"அப்ப இது?"

"அது எருமை மாதிரி இருக்கு, நானா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய், வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதேன். ஆசை வெட்கமறியாது என்பார்கள். பச்சையாகவே சொல்லிவிடுகிறேன்: என் குரல் எங்காவது பதிந்து கிடக்க வேண்டும், கோரஸில் அல்லாமல் தனியாக, நான் போன பிறகும் கிடக்க வேண்டும். இதுதான் ஆசை. நகை மேல் இல்லை, பட்டுச்சேலை மேல் இல்லை. இது மேல் இருந்தது.

யாரு சரின்னு சொல்லணும்?

ரேஷ்மா மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். பகலில் இறாலில் கிருமி தேடுவாள், சாயங்காலம் பாட்டுப் போடுவாள். போன வருஷம் ஒருநாள் என் செல்போனைப் பிடுங்கி ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை ஓடவிட்டாள். மேலே அவள் படம், கீழே அவள் பேர்.

"இது எந்தக் கம்பெனி போட்டது?" என்றேன்.

"கம்பெனியா? நானேதான் போட்டேன், அத்தே."

"சரி, யாரு ஒத்துக்கிட்டா? யாரு கேட்டுட்டு சரின்னு சொன்னா?"

"யாரும் சரின்னு சொல்ல வேண்டாம். பாடணும், ஏத்தணும், அவ்வளவுதான். எல்லா ஆப்லயும் வந்துரும்."

யாரும் சரியென்று சொல்ல வேண்டாமாம்! அப்போ நான் இத்தனை வருஷமாக எந்தக் கதவுக்கு வெளியே நின்றேன்?

"எங்கன வச்சுப் பாடின?"

"அலமாரிக்குள்ள."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணி அடைத்த அலமாரிக்குள் தலையை விட்டுப் பாடினால் எதிரொலி வராதாம். நானும் முயன்று பார்த்தேன். அவள் உடம்பு கொத்தவரங்காய், முழுசாக உள்ளே போய்விடும். எனக்குக் கழுத்து வரைதான் போயிற்று. பின்னால் நின்ற எங்க வீட்டுக்காரர், "அலமாரி ஒன்ன முழுங்குது" என்று சிரித்ததில் அந்தப் பதிவு வீணாய்ப் போனது.

அவர் சிரிக்காமல் இருந்திருந்தாலும் எங்கள் வீட்டில் பாட்டுப் பதிய முடியாது. ஒட்டினாற்போல் மக்ரூன் பேக்கரி. விடிந்தால் முட்டை வெள்ளைக்கரு அடிக்கிற மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அது ஓய்ந்தால் ட்ரெய்லர் ஹாரன். அதுவும் ஓய்ந்தால் மீன் ஆட்டோ, அதற்குப் பிறகு கோயில் ஒலிபெருக்கி. எல்லாம் சேர்ந்து ஓய்ந்தாலும் கடல்காற்று விடாது, மாடித் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

எங்க வீட்டுக்காரருக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை. திரும்பி வரும் காலிப் பெட்டிகளில் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பார். அவர்தான் ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே, "ரீஃபர் பெட்டிக்குள்ள நின்னா வெளிய இடி விழுந்தாலும் கேக்காது" என்றார். குளிர் வெளியே போகாமலிருக்க அதன் சுவருக்குள் கனமாக நுரைப்பஞ்சு அடைத்திருப்பார்களாம்.

ரேஷ்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பாட்டுத்தான்

என்ன பாட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிறிஸ்துமஸ் பாட்டு ஊரெல்லாம் பாடுகிறார்கள். நான் பாடுவது புலம்பல்.

எங்கள் தெருப் பெண்களுக்கென்று ஒரு புலம்பல் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவையிலிருந்து இறக்கிய சேசுவின் சுரூபத்தை ஆசந்தியில் கிடத்தி வீதிவழியே தூக்கி வருவார்கள். ஆசந்தி என்றால் பாடை. அதன் பின்னால் நாங்கள் பாடிக்கொண்டு போவோம். மாதா தன் மகனைப் பார்த்து அழுகிற பாட்டு. யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பாலூட்டி வளத்த மேனி பலகையிலே கிடப்பதென்ன, என் மகனே!

இது முதலடி. ஒருத்தி தனியாக எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். இதைப் "பாலூட்டி" என்பதிலிருந்து "மகனே" என்பது வரை ஒரே மூச்சில் பாட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் கௌரவக் குறைச்சல். பல வருஷமாக முதலடி என்னுடையது. எனக்கு அடுத்து நிற்பது லூர்து மைனி. எதிர்வீடு. சொந்தம் சுற்றி வளைத்துத்தான், ஆனாலும் மைனி, அதாவது மதினி முறை. குரலும் பெரிசு, கோபமும் பெரிசு, மனசும் பெரிசு.

இந்தப் பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிர்த்த ஞாயிறாகிய ஈஸ்டர் விடிந்துவிட்டால், அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசுகாலம் வரை இதை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்க மாட்டோம். மீறினால் அந்த வீட்டில் அழுகை வரும் என்பார்கள். நான் படித்தவள், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், ஆனாலும் நானும் முணுமுணுத்ததில்லை.

"அப்ப தவசுகாலத்துலயே பதிவோம்" என்றேன்.

"தவசுகாலத்துல ஒரு பெட்டியும் காலியா நிக்காது" என்றார் எங்க வீட்டுக்காரர். "இப்ப மழை, கடல் தொழில் மந்தம். பாடினா இப்பப் பாடு, இல்லன்னா அலமாரிக்குள்ள போ."

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீட்டிலுள்ள போர்வை, மெத்தை விரிப்பு, காலிச் சாக்கு எல்லாவற்றையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு யார்டுக்குப் போனோம். யார்டு மேனேஜர் எங்க வீட்டுக்காரரின் பழைய கூட்டாளி. "பாட்டா? பெட்டிக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, "நடத்துங்க" என்றார்.

பலகையிலே

இப்போது திரும்ப அந்தப் பெட்டிக்குள் வாருங்கள்.

ரேஷ்மா கையைத் தட்டிப் பார்த்தாள். டங்கென்றது. சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, தரையில் சாக்கு விரித்து மறுபடி தட்டினாள். சத்தம் பொத்தென்று விழுந்தது. "சூப்பர் அத்தே!"

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். "மாதாவே, காலம் தப்பிப் பாடுதேன், கோவிச்சுக்கிடாத."

முதலில் பாடியது என் வளையல் சத்தத்தில் கெட்டது. கழற்றி வைத்துவிட்டுப் பாடினேன், ரேஷ்மா தும்மினாள். அதற்குள் எனக்கு உடம்பெல்லாம் ஊற்றியது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன். குரல் எப்படி வந்தது தெரியுமா? எனக்கே புல்லரித்தது. அந்த இருட்டில் ஆசந்தி எனக்கு முன்னால் போவது மாதிரியே இருந்தது. "பாலூட்டி வளத்த மேனி பலகையிலே..." என்று வந்தேன். அங்கே மூச்சு தீர்ந்துவிட்டது.

பெட்டிக்குள் காற்று ஏது? வாயைத் திறந்து ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு, "கிடப்பதென்ன" என்று தொடர்ந்தேன். மிச்சப் பாட்டு முழுக்கப் பழுதில்லை. முதலடி வருகிற இடத்தில் எல்லாம், அந்தப் புழுக்கத்தில், அதே "பலகையிலே"யில் அதே மூச்சு.

"இது சரியில்ல. இன்னொரு தடவ பாடுதேன்" என்றேன்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. திறந்தால் எங்க வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் ஒரு ட்ரெய்லர் உறுமிக்கொண்டு நிற்கிறது.

"பெட்டிய இப்பவே தூக்கணுமாம். திடீர்னு லோடு வந்துட்டு. இறங்குங்க, இறங்குங்க."

போர்வையை உருவுவதற்குள் டிரைவர் மூன்று ஹாரன் அடித்துவிட்டார். அடுத்த காலிப் பெட்டி எப்போது நிற்கும் என்று எங்க வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. பெட்டி அசைந்து அசைந்து கேட்டைத் தாண்டிப் போனது.

"அந்த மூச்சு நல்லாத்தான் இருக்கு, அத்தே. இப்படியே போட்டுருவோம்" என்றாள் ரேஷ்மா. "எப்ப வெளியிடணும்னு தேதி கேக்கும். என்ன போட?"

இந்த இடத்தில்தான் என் கேசட் காலத்து மூளை வேலை செய்தது. கேசட் என்றால் கடை அலமாரியில் கிடக்கும். வேணும் என்கிறவன் கேட்டு வாங்கி, அவனே போட்டால்தான் பாடும். அதுவாகப் பாடாது. ஆக, இப்போது ஏற்றினால் என்ன, அப்போது ஏற்றினால் என்ன? தவசுகாலத்தில் தேடுகிறவர்கள் தேடிக் கேட்கட்டும், அதுவரை சும்மா கிடக்கட்டும் என்று நினைத்துவிட்டேன்.

"எப்பன்னாலும் போடு" என்றேன்.

கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே பாட்டு வந்துவிட்டது. சின்னச் சதுரத்தில் என் படம், கீழே "பிலோமினா". அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

நிச்சயத்தன்று

பொங்கல் கழிந்து லூர்து மைனியின் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை மணப்பாடு. தவசுகாலத்தில் கல்யாணம் வைக்கமாட்டோமென்பதால், ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று பேச்சு. வீட்டு முன்னால் பந்தல், மக்ரூன், லட்டு, தட்டுத் தட்டாகப் பழம். சவுண்ட் சர்வீஸ்காரர் தன் செல்போனில் மெதுவாகக் கிறிஸ்தவப் பாட்டுகளை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் பூ வைக்க எழுந்தார். கையில் மல்லிகைச் சரம். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது. ஒரு நொடி அமைதி.

"பாலூட்டி வளத்த மேனி பலகையிலே..."

என் குரல். இரண்டு ஆள் உயர ஸ்பீக்கரில்.

முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். அட, நானா இது, இவ்வளவு பெரிய குரலா என்றிருந்தது. அந்த மூச்சுகூட ஸ்பீக்கரில் கேட்டது. பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டுச் சம்பந்தியம்மா பூவைப் பிடித்த கையோடு சிலுவை போட்டார். லூர்து மைனி பந்தல்காலைத் தாண்டி ஓடி, வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

மறுநாள் காலை மைனி எங்கள் வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"ஏளா பிலோமி, எம் மவளுக்குப் பூ வைக்கிற நேரத்துல சாவுப்பாட்டா? ஒனக்கு நான் என்னளா கொறை வச்சேன்?"

"மைனி, நான் போடல. அது தானா ஓடியிருக்கு. ஒரு பாட்டு முடிஞ்சா அதுவே அடுத்ததப் பொறுக்கி எடுத்துப் போடுமாம். எனக்கே நேத்துத்தான் தெரியும்."

"தானா ஓடுததுக்கு அது என்ன, வெளக்கெண்ணெ குடிச்ச வயிறா? காலமில்லாத காலத்துல நீ பாடினதாலதான ஓடுது?"

மைனி வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"கல்யாணப் பேச்சு நின்னுருந்தா நான் எங்கன போயி முட்டுவேன்? சம்பந்தியம்மா தங்கமான மனுஷி, ஒண்ணுஞ் சொல்லல. மத்தவ சும்மா இருப்பாளா? பாட்டுலயும் அது என்னளா, பாதியில மூச்சு வாங்குத? நம்ம பாட்ட அப்படியா பாடுவாங்க?" மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாம்பல் புதனுக்குள்ள அத எடுத்துரு. எடுக்கலன்னா, பெரிய வெள்ளிக்கு முதலடி ஒனக்கு இல்ல. நான் மட்டும் சொல்லல, தெருவே சொல்லுது."

சாமியாரிடம் போனேன். "அது உங்க தெருப் பெண்களோட பாட்டும்மா, நான் என்ன சொல்ல?" என்று நழுவிவிட்டார். எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். "ரெண்டும் ஒனக்கு வேணும். ரெண்டையும் தரமாட்டாங்க. நான் வாயத் தொறந்தா ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடி" என்றார். பிழைக்கத் தெரிந்த மனுஷர்.

ஊர்ப் பெயர்கள்

எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ரேஷ்மா காட்டினாள். ஒரு இடத்தில் விரலை வைத்தால் போதும், எல்லா ஆப்பிலிருந்தும் பாட்டு இறங்கிவிடும்.

"அதுக்கு முன்னால இதையும் பாத்துருங்க" என்று இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். எந்தெந்த ஊரில் பாட்டைக் கேட்கிறார்கள் என்ற வரிசை. தோஹா. சிங்கப்பூர். கொழும்பு. காண்ட்லா. ரோட்டர்டாம்.

இதெல்லாம் நான் அடித்த ஊர்கள். உப்பு, முந்திரி, கருவாடு என்று சரக்கின் பேரை அடித்து, இறங்கும் துறைமுகம் என்ற கட்டத்தில் வருஷக்கணக்காக இந்தப் பேர்களைத்தான் அடித்தேன். ஒரு ஊரையும் கண்ணால் கண்டதில்லை. இப்போது என் குரல் அங்கெல்லாம் இறங்கியிருக்கிறது. கப்பலில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளாக இருக்கும், கல்ஃபில் இருக்கிற பெண்களாக இருக்கும்.

வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஊராக, தூத்துக்குடி என்றிருந்தது.

"இது நீ போட்டுப் போட்டுக் கேட்டதுதான?" என்றேன்.

"நான் அவ்வளவு கேக்கலயே, அத்தே."

"அப்ப ஒங்க மாமாவா இருக்கும்" என்று விட்டுவிட்டேன். எங்கள் தெருவே என்மேல் கடுப்பில் இருக்கும்போது வேறு எவர் கேட்கப் போகிறார்கள்?

விரலை வைக்கப் போனேன். வைக்க முடியவில்லை. பெரிய வெள்ளியின் முதலடி என் உயிர். மற்றவர்கள் பின்னால் நிற்க, அந்த ஒரு வரியைத் தனியாக எடுக்கும்போது கிடைக்கிறதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் ஒருமுறை என் பேர் யாருக்கும் தெரியாது என்று கோரஸில் நிறுத்தினார்கள், நின்றேன். இப்போது யாரும் சரி என்று சொல்லக் காத்திராமல் என் பேர் அங்கே இருக்கிறது. அதை என் கையாலேயே அழிக்கவா? மாட்டேன். அழுதுகொண்டே போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தவசுகாலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தது, நெற்றியில் சாம்பல் பூசியது, போனது. பாட்டு இருந்தது. தவசுகால வெள்ளிகளில் சிலுவைப்பாதைக்குப் போனால் பெஞ்சில் என் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கும். பேக்கரியில் எதிர்ப்பட்டால் மைனி மக்ரூன் பெட்டியை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாயே திறக்காத ஊரை என்ன செய்ய?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாதியில் மூச்சு வாங்குகிறேனா? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் முதலடியைப் பழகினேன். தவசுகாலம்தானே, பாடலாம். ஒரே மூச்சில், பழைய முறையில், துளி பிசகாமல். முதலடி கிடைக்காது என்று தெரியும். கும்பலோடு பாடினாலும் சரியாகப் பாடுவேன் என்ற வீம்பு.

ஆசந்திக்குப் பின்னால்

பெரிய வெள்ளி. மதியத்திலிருந்தே காற்று நின்றுபோய் உப்புப் பூத்தாற்போல் வெயில். சாயங்காலம் சடங்கெல்லாம் முடிந்து ஆசந்தி வெளியே வந்தது. பன்னீரும் சாம்பிராணியும் மணக்க, கறுப்புத் துணி மேல் சுரூபம். பெண்கள் பின்னால் வரிசை கட்டினார்கள். நான் கடைசியில், ரேஷ்மாவோடு நின்றேன். என் இடத்தில் லூர்து மைனி நின்றாள். அதைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மைனி தொண்டையைச் செருமினாள். எடுத்தாள்.

"பாலூட்டி வளத்த மேனி பலகையிலே..."

நின்றாள். மூச்சை இழுத்தாள். "...கிடப்பதென்ன, என் மகனே!"

பாவம், மைனிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

இப்போது எல்லோரும் திருப்பிப் பாட வேண்டும். நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டேன். தெருவே ஒரே குரலாக எழுந்தது. "பாலூட்டி வளத்த மேனி பலகையிலே..."

தெரு மொத்தமும் நின்றது.

கிழவிகள், பிள்ளை பெற்றவர்கள், நேற்று வயசுக்கு வந்தவர்கள், எல்லோரும் ஒரே இடத்தில் வாயை மூடி ஒரே மாதிரி மூச்சை இழுத்தார்கள். குளியலறையில் பழகிய வேகத்தில் போய்க்கொண்டிருந்த என் குரல் மட்டும் அந்த அமைதிக்குள் தனியாகக் கேட்டது: "கிடப்..."

முன்னால் இருந்த தலைகள் திரும்பின. ரேஷ்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கண் பெரிதாகியிருந்தது. எனக்கு அந்த வரிசையின் முதல் ஊர் ஞாபகம் வந்தது. எங்க வீட்டுக்காரர் கேட்டதல்ல அது. அலமாரியைச் சாத்திக்கொண்டோ, தலையணைக்கு அடியில் வைத்தோ, காதில் மாட்டிக்கொண்டோ, இந்தத் தெரு முழுக்க என்னைக் கேட்டிருக்கிறது. கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறது. கும்பலுக்குள் எந்தக் குரல் என்னுடையது என்று அன்றைக்குத் தேடினேன். இன்று கும்பல் மொத்தமும் நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்குகிறது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை, யார் எதற்கு அழுகிறாள் என்று எவரும் கேட்கவில்லை.

லூர்து மைனியும் திரும்பினாள். ஜனவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள். ஆசந்தி நகர்ந்துகொண்டிருந்தது. வரிசையை விட்டு இரண்டடி பின்னால் வந்து, என் காதோரம் குனிந்து, பிழை திருத்துகிறவள் மாதிரி அடிக்குரலில் சொன்னாள்:

"ஏளா, அங்கன மூச்சு வாங்கணும். ஒனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு முன்னால் போனாள். முதலடி மறுபடி வந்தது. எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன்.

"பாலூட்டி வளத்த மேனி பலகையிலே..."

நின்றேன். எல்லோரோடும் சேர்ந்து மூச்சு வாங்கினேன்.